கல்வெட்டில் பெயர் இல்லாத காதலிகள்: ஓராண்டு வாசிப்பு

கடந்த ஓராண்டாகத் தமிழ்ச் சரித்திரக் காதல் நாவல்களைத் தவிர வேறு கதை நூல் எதையும் நான் கையில் எடுக்கவில்லை. சிலவற்றைப் பள்ளிப் பருவத்திலேயே படித்திருந்தேன். சிலவற்றின் பெயரை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டதோடு சரி. மும்பையில் செம்பூரிலிருந்து சி.எஸ்.டி. ரயில் நிலையம் வரை ஹார்பர் லைன் வண்டியில் போகவர ஆகும் நேரமும், மழைக்காலத்தில் தண்டவாளத்தில் நீர் தேங்கி வண்டி நின்றுவிடும் நேரமும் இந்தத் தடித்த பாகங்களுக்கு மிகவும் ஏற்றவை. ஆசிரியர் வாரியாகத்தான் தொடங்கினேன். ஆனால் பாதி வழியில், எல்லா ஆசிரியர்களும் சில கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறார்கள் என்பது புரிந்தது. சபதம், கடல், மாறுவேடம், தோற்ற நாட்டின் இளவரசி, கைகூடாத காதல் என்று அந்தக் கேள்விகளைத் தொடர்ந்து படித்ததே பின்னர் என் வரிசையாயிற்று.

ஆண்டு முழுவதும் படித்து நான் வந்து சேர்ந்த முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். இந்த நாவல்களில் நம் மனத்தைப் பிழியும் பெண்கள் பெரும்பாலும் வரலாற்றில் இல்லாதவர்கள். செப்பேடும் கல்வெட்டும் யாருடைய பெயரைச் சொல்கின்றனவோ அவர்களிடம் ஆசிரியர்கள் மரியாதையோடு நடந்துகொள்கிறார்கள். யாருடைய பெயரைச் சொல்லவில்லையோ அவர்களிடம்தான் தங்கள் நெஞ்சைத் திறந்து வைக்கிறார்கள்.

கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ நாவலில் வரும் சிவகாமியை எடுத்துக்கொள்வோம். பல்லவ நரசிம்மவர்மன் 642-ஆம் ஆண்டளவில் வாதாபியை வென்றான் என்பதற்குச் சான்றுகள் உண்டு. வாதாபிப் பாறையிலேயே அவன் பெயரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அவனுடைய சேனாதிபதி பரஞ்சோதி அந்நகரைத் துகளாக்கியதைச் சிறுத்தொண்டர் வரலாற்றில் சேக்கிழார் பாடியிருக்கிறார். இவ்வளவு உறுதியான இரண்டு ஆண்களுக்கு நடுவே, எந்தச் சான்றிலும் இல்லாத ஒரு சிற்பியின் மகளைக் கல்கி கொண்டுவந்து நிறுத்தி, அந்தப் படையெடுப்பு முழுவதற்கும் அவளுடைய ஒரு சொல்லைக் காரணமாக்கினார். வாதாபியில் சிறைப்பட்ட சிவகாமி, தன்னை அழைத்துச் செல்ல, மாமல்லர் எனப்படும் அந்த நரசிம்மவர்மனே நேரில் வந்தபோதும், இந்த நகரம் எரிவதைக் கண்ணால் பார்த்த பிறகே வருவேன் என்று மறுக்கிறாள். சிறுவயதில் இதைப் படித்தபோது அவளுடைய வீரமாகவே எனக்குப் பட்டது. இப்போது படிக்கையில் அந்த மறுப்புக்குள் இருக்கும் துயரமே முன்னால் வந்து நிற்கிறது. தலைநகரின் தெருக்களில் மக்கள் அடிபடுவதைப் பார்க்கப் பொறுக்காமல், அவர்களைக் காப்பாற்ற வேண்டிப் பகைவன் முன்னால் ஆடியவள் அவள். அந்த அவமானத்தைச் சுமந்துகொண்டு காதலன் பின்னால் ஓடிப்போக அவளால் முடியவில்லை. சபதம் நிறைவேற ஆண்டுகள் பல ஆகின்றன. அதற்குள் மாமல்லர் பாண்டிய இளவரசியை மணந்து குழந்தைகளுக்குத் தந்தையாகிவிடுகிறார். சபதம் வெல்கிறது, காதல் தோற்கிறது. கடைசியில் ஏகாம்பரநாதர் சன்னிதியில் அவள் ஆட, முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள் என்ற அப்பர் பெருமானின் பாடல் ஒலிக்கும் இடத்தை வண்டியில் நின்றபடி என்னால் படிக்க முடியவில்லை. வடாலாவில் இறங்கி, நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்து முடித்தேன்.

கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ நாவலில் சபதம் இன்னும் மென்மையானது. பல்லவச் சக்கரவர்த்தியோடு போரிட்டு மடிந்த சோழ மன்னன் தன் மகனிடம் விட்டுச் செல்வது பழிக்குப் பழி அன்று. சுதந்திரச் சோழநாடு என்ற கனவு. அந்த மகன் விக்கிரமன் காதலிப்பதோ, தன் தந்தையை வென்றவரின் மகள் குந்தவியை. கல்கி விடுதலைப் போரில் சிறை சென்றவர். இந்தக் கதை 1940-களின் தொடக்கத்தில், நாடு இன்னும் அடிமைப்பட்டிருந்த காலத்தில், தொடராக வந்தது. கப்பம் கட்ட மறுக்கும் சிற்றரசனின் கதையை அந்நாளைய வாசகர்கள் எந்த நெஞ்சோடு படித்திருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், அதில் வரும் காதலுக்கும் ஒரு கூடுதல் பொருள் கிடைக்கிறது. வென்றவரும் தோற்றவரும் சமமாக நின்று கைகோக்க வேண்டும் என்ற ஆசை அது. எதிரியின் மகனைக் காக்கச் சக்கரவர்த்தியே சிவனடியார் வேடத்தில் அலைவது நம்பும்படி இருக்கிறதா என்றால், அவ்வளவாக இல்லை. மாறுவேடம் என்ற உத்தியைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. ஒட்டுத்தாடியும் முத்திரை மோதிரமும் எல்லா ஆசிரியர்களிடமும் அளவுக்கு மீறி வேலை செய்கின்றன.

கடலுக்கு வருகிறேன். மாட்டுங்காவில் இருக்கும், எண்பது வயதைக் கடந்த மாமி ஒருவர், குமுதத்தில் தொடராக வந்த, சாண்டில்யனின் ‘கடல் புறா’வை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த பிரதியை எனக்குக் கொடுத்தார். தாள்கள் பழுப்பேறி, ஓரத்தைத் தொட்டால் உதிர்கின்றன. லதா வரைந்த சித்திரங்களில் கப்பல்களின் பாய்மரக் கயிறுகள்கூட ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. சில பக்கங்களின் மறுபுறத்தில் அக்காலத் தைல விளம்பரத்தின் பாதி மட்டும் எஞ்சியிருக்கிறது.

“எங்க அப்பா கண்ணுல படாமதாம்மா இதைப் படிச்சோம். புஸ்தகம் வந்த அன்னிக்கு யார் முதல்ல படிக்கறதுன்னு அண்ணாவுக்கும் எனக்கும் அடிதடியே நடக்கும். பத்திரமாப் படிச்சுட்டுத் திருப்பிக் கொடுத்துடு, என்ன?” என்றார் மாமி.

சாண்டில்யனைப் படிப்பதற்கு அந்தப் பிரதியே சரியானது என்று தோன்றியது. அவருடைய அத்தியாயங்கள் ஒரு வாரக் காத்திருப்பைக் கணக்கில் வைத்து எழுதப்பட்டவை. தனிநூலாக ஒரே மூச்சில் படிக்கும்போது, ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் யாரோ ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வருவது அலுப்புத் தட்டும். பைண்டு செய்த பிரதியில் அந்த இடங்களில் உண்மையிலேயே ஒரு வாரம் கடந்திருக்கிறது என்பது தாளின் நிறத்திலேயே தெரிகிறது.

‘கடல் புறா’வின் நாயகன் கருணாகரத் தொண்டைமான். கலிங்கத்துப் பரணியில் செயங்கொண்டார் பாடிய படைத்தலைவன் அவன். முதல் குலோத்துங்கனின் காலத்தவன். பரணியில் அவன் வாளும் யானையும் மட்டுமே. சாண்டில்யன் அவனைக் கலிங்கத்துப் பாலூரிலிருந்து கடாரம் வரை கடலில் அலையவிட்டு, கடாரத்து இளவரசி காஞ்சனாதேவிக்கும் அட்சயமுனையில் எதிர்ப்படும் மஞ்சளழகிக்கும் நடுவே நிறுத்தினார். இராசேந்திரன் 1025-இல் கடாரத்தின் மீது படை செலுத்தியதும், அதன் பிறகு சோழருக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் இடையே தொடர்ந்த உறவும் வரலாறு. காற்று எந்தத் திசையில் வீசும்போது எந்தப் பாயை இறக்க வேண்டும், எரியம்புகளை எந்தத் தொலைவிலிருந்து விட வேண்டும் என்பனவற்றைச் சாண்டில்யன் எழுதும் உற்சாகம் இன்றும் என்னைக் கட்டிப்போடுகிறது. ‘யவன ராணி’யின் தொடக்கமும் அப்படித்தான். புகார்க் கடற்கரை இருளில் நடக்கும் படைத்தலைவன் இளஞ்செழியனின் காலில் ஓர் உடல் இடறுகிறது. அலை கொண்டுவந்து போட்ட அந்தப் பெண்தான் தமிழ் மண்ணில் யவன அரசை நிறுவ வந்தவள். அவனுக்காகக் காத்திருக்கும் பூவழகி ஊருக்குள் இருக்கிறாள். ஊருக்குள் இருப்பவள் உறவும் கடமையும். கடலிலிருந்து வருபவள் ஆசையும் ஆபத்தும். சாண்டில்யனின் காதல் எல்லாம் இந்த இரண்டு கரைகளுக்கும் நடுவில்தான் ஓடுகிறது.

அவருடைய வருணனைகளைப் பற்றி நேராகச் சொல்ல வேண்டும். பெண்ணின் உடலை அவர் பக்கக் கணக்கில் வருணிக்கிறார். நாயகி ஒரு முக்கியமான செய்தியைச் சொல்ல வாயெடுக்கும் தருணத்தில்கூட அவளுடைய இடையைப் பற்றி ஒரு பத்தி குறுக்கிடுகிறது. மாமியின் அப்பா தடுத்ததற்குக் காரணம் இதுவே. எனக்கும் அந்தப் பக்கங்கள் உவப்பாக இல்லை. ஆனால் அவருடைய பெண்கள் வெறும் அழகுப் பதுமைகள் என்று சொல்வது நியாயமன்று. வாள் பிடிப்பவர்களாக, கப்பல் நடத்துபவர்களாக, அரசியல் பேரம் பேசுபவர்களாக அவர்களை எழுதினார். அவர்கள் எதிராளியின் கணக்கைத் தவறாக்கும் இடங்களில் அவருடைய உரைநடை இறுகி நன்றாக வருகிறது. வருணனையில் ஒரே உவமைகள் திரும்பத் திரும்ப வந்து தளர்ந்துபோகிறது.

மும்பையில் வாழ்பவர்களுக்குச் சாண்டில்யனின் ‘ஜலதீபம்’ தனியாகச் சொல்லப்பட வேண்டிய நூல். தஞ்சையிலிருந்து கொங்கணக் கரைக்கு வரும் இதயசந்திரன் என்ற இளைஞன், மராட்டியக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரேயிடம் கடற்போர் கற்கிறான். சிவாஜியின் பேரன் சாகுவும் மருமகள் தாராபாயும் ஆட்சிக்காகப் பிரிந்து நின்ற 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் அது. 1712-இல் கனோஜியின் கப்பல்கள் ஆங்கிலேயக் கப்பல் ஒன்றைப் பிடித்தபோது அதில் இருந்த கேதரின் என்ற இளம் பெண் சிறைப்பட்டு, பணயத் தொகை கொடுத்து மீட்கப்பட்டது பம்பாய்க் கும்பினியாரின் ஆவணங்களில் உள்ள செய்தி. தமிழில் எழுதிய ஒருவர் நம் வீட்டு வாசலில் இருக்கும் கடலைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறார் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

அதைப் படித்து முடித்த கையோடு, கேட்வேயில் படகேறி மாண்ட்வா வழியாக அலிபாக் போனோம். கடல் வற்றும் நேரத்தில் கொலாபா கோட்டைக்கு ஈர மணலில் நடந்தே போய்விடலாம். நடக்க இயலாதவர்களைக் குதிரை வண்டிகள் ஏற்றிச் செல்கின்றன. உள்ளே கணபதி கோயிலும், நாற்புறமும் உப்பு நீர் சூழ்ந்திருக்க, நன்னீர்க் கிணறும் இருக்கின்றன. மதில் மேல் சக்கரத்தில் ஏற்றிய இரண்டு பீரங்கிகளில் இங்கிலாந்து வார்ப்படச் சாலையின் பெயர் பொறித்திருக்கிறது. அவை கனோஜிக்குப் பிற்பட்டவை. 1729-இல் மறைந்த கனோஜியின் சமாதி ஊருக்குள் இருக்கிறது. யுனெஸ்கோ 2025-இல் மராட்டியப் படைத்தளங்கள் என்று சேர்த்து அறிவித்த 12 கோட்டைகளில் கொங்கணக் கடற்கோட்டைகளோடு நம் செஞ்சியும் இடம்பெற்றிருப்பதை நினைத்துக்கொண்டேன். சத்ரபதி இராஜாராம் 1690 முதல் எட்டாண்டுக் காலம் மொகலாய முற்றுகையைத் தாங்கிச் செஞ்சியில் இருந்தவர். தஞ்சை இளைஞன் ஒருவன் கொங்கணத்துக்கு வருவதாகக் கதை கட்டுவதற்கு அடியில் இவ்வளவு வரலாறு இருக்கிறது.

இந்தச் சமயத்தில் அலுவலகத்தில் உடன் பணியாற்றும் மராட்டியத் தோழியோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர் வீட்டில் எல்லோரும் படித்த நூல் ரஞ்சித் தேசாயின் ‘ஸ்வாமி’. பேஷ்வா முதலாம் மாதவராவும் அவர் மனைவி ரமாபாயும் அதன் நாயகர்கள். மாதவராவ் 1772-இல் தேவூரில் மறைந்தபோது ரமாபாய் உடன்கட்டை ஏறினார். மராட்டி வாசகர் நெஞ்சில் இடம்பிடித்த அந்தக் காதல், மணமான பின் வரும் காதல். இருவருமே வரலாற்றில் இருந்தவர்கள். நம்மிடம் அப்படி எழுத முடியாமல் போனதற்கு ஒரு காரணம், சோழ பாண்டியர்களின் அந்தப்புர வாழ்வைச் சொல்லும் கடிதங்களோ, பக்கர் எனப்படும் மராட்டி உரைநடை வரலாறுகளைப் போன்றவையோ நமக்குக் கிடைக்காததாக இருக்கலாம். நமக்குக் கிடைத்தவை கோயில் சுவர்கள். சுவர்களில் இருப்பது கொடை.

குந்தவையைப் பார்த்தால் இது விளங்கும். தஞ்சைப் பெரிய கோயிலில், தான் கொடுத்தவற்றை அடுத்துத் தன் அக்கன் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு இராசராசன் ஆணையிட்டான். தன் தந்தை சுந்தர சோழரின் பெயரால் தஞ்சையில் ஆதுலர் சாலை (மருத்துவமனை) ஒன்றுக்கு நிலம் அளித்தவர் அவர். வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவி என்பதும் கல்லில் இருக்கிறது. இத்தனை சான்றுகள் இருப்பதாலேயோ என்னவோ, ‘பொன்னியின் செல்வ’னில் குந்தவையின் காதலைக் கல்கி ஓர் அடி தள்ளி நின்றே எழுதுகிறார். அரிசிலாற்றங்கரையில் பஞ்சடைத்த முதலையை உயிருள்ளதென்று நம்பி வந்தியத்தேவன் வேலை எறிவதும், தோழியர் சிரிப்பதும், குந்தவை மட்டும் அவன் மனம் நோகாமல் பேசுவதும் அழகான பக்கங்கள். அதன்பின் அவர்கள் சந்திக்கும் போதெல்லாம் பேசுவது பெரும்பாலும் இராச்சியக் காரியம்.

அதே நாவலில் வரும் பூங்குழலியிடம் கல்கிக்கு அந்தத் தயக்கம் இல்லை. கோடிக்கரைச் சதுப்பு நிலத்தில் இரவில் குபீரென்று எழுந்து அணையும் கொள்ளிவாய்ப் பிசாசுகளை வந்தியத்தேவனுக்குக் காட்டி, இவர்கள்தாம் என் காதலர்கள் என்கிறாள் அவள். நிலத்துக்குள்ளிருந்து வரும் வாயு எரிவதுதான் அந்தக் கொள்ளி என்று கல்கியே விளக்கியும் விடுகிறார். ஆனால் அந்த விளக்கத்தால் காட்சியின் அச்சம் சிறிதும் குறைவதில்லை. இளவரசன் மேல் வைத்த ஆசை தனக்கு எட்டாது என்று தெரிந்த ஓடக்காரப் பெண், அந்த ஆசையை வைக்க ஓர் இடம் தேடி, எரிந்து அவியும் நெருப்பிடம் வைத்திருக்கிறாள். தமிழ்ச் சரித்திர நாவல்களில் இதைவிட ஆழமான காதல் பக்கத்தை இந்த ஆண்டு நான் படிக்கவில்லை.

அந்த நாவலின் மணிமேகலையோ இன்னும் பாவம். ஆதித்த கரிகாலன் கொலையில் வந்தியத்தேவன் மேல் பழி விழும்போது, அவனைக் காப்பதற்காக நானே கொன்றேன் என்கிறாள். அவள் சித்தம் கலங்கி, அவன் மடியிலேயே உயிர் விடுவதோடு ஐந்து பாகக் கதையும் முடிகிறது. யோசித்துப் பாருங்கள். 1950 அக்டோபரில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் தமிழ்நாட்டையே காத்திருக்க வைத்த கதை அது. அரியணைக்கு வருபவர் யார், கொலை செய்தவர் யார், நந்தினி யாருடைய மகள் என்று அத்தனை முடிச்சுகள். கடைசி அத்தியாயத்தைக் கல்கி கொடுத்தது பட்டாபிஷேகத்துக்கு அன்று, குந்தவைக்கும் அன்று. வரலாற்றில் எங்கும் இல்லாத, காதலிக்கப்படாத ஒரு சிற்றரசர் மகளுக்கு.

தோற்ற நாட்டின் இளவரசி என்ற கருவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ 1963-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. ஈழத்தில் இருந்த பாண்டியரின் முடியை இராசேந்திரன் மீட்டது வரலாறு. கொடும்பாளூர் இளங்கோவுக்கும் ஈழத்து இளவரசி ரோகிணிக்கும் இடையிலான காதல் கற்பனை. ரோகிணியின் உள்ளம் தன் நாட்டுக்கும் காதலனுக்கும் நடுவே கிழிபடுவதை அகிலன் பொறுமையோடு எழுதுகிறார். தமிழின் முதல் சரித்திர நாவலாகக் கருதப்படும், திருகோணமலைச் சரவணமுத்துப் பிள்ளையின் ‘மோகனாங்கி’யும் (1895) இதே முடிச்சில்தான் நிற்கிறது. தஞ்சை விசயராகவ நாயக்கர் மகளை மதுரைச் சொக்கநாத நாயக்கர் கேட்க, அவர் மறுக்க, 1673-இல் தஞ்சை வீழ்ந்தது. அரண்மனைப் பெண்களை வெடிமருந்து வைத்துத் தகர்த்துவிட்டு விசயராகவர் போருக்குப் போய் மடிந்தார் என்கிறது வரலாறு. அந்தப் பெண்களுக்கு ஒரு பெயரும் காதலும் கொடுக்க வேண்டும் என்று முதல் நாவலாசிரியருக்கே தோன்றியிருக்கிறது.

கல்வெட்டில் உள்ள பெண்ணையே காதலியாக்கத் துணிந்தவர் பாலகுமாரன். ‘உடையார்’ நாவலில் இராசராசனின் உள்ளத்துக்கு மிக நெருக்கமானவராகப் பஞ்சவன்மாதேவி வருகிறார். பழையாறைக்கு அருகே அவருக்கு இராசேந்திரன் எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில் (மறைந்தவர் நினைவாக எழுப்புவது) இன்றும் இருக்கிறது. சிற்றன்னைக்கு மகன் எழுப்பிய கோயில். அதைக் கண்ட எவருக்கும் ஒரு கதை எழுதத் தோன்றும். பாலகுமாரனின் நாவல் சில இடங்களில் உபதேசத்தில் இறங்கிவிட்டாலும், பஞ்சவன்மாதேவி பேசும் பக்கங்களில் அது நடப்பதில்லை.

அவரை அடுத்து நான் தேடத் தொடங்கியிருப்பது பரவை நங்கையை. இராசேந்திரனின் அனுக்கியான, அதாவது அன்புக்குரிய துணைவியான, இவரைப் பற்றித் திருவாரூர்க் கோயிலில் கல்வெட்டு உண்டு. மன்னரும் அவரும் ஒரே தேரில் வந்து இறங்கினார்கள் என்றும், உடையாரும் அனுக்கியார் பரவை நங்கையாரும் நிற்குமிடம் தெரியும்படி ஒரு குத்துவிளக்கு வைக்கப்பட்டது என்றும் அது சொல்கிறது. கொடைக் கணக்குகளுக்கு நடுவே இப்படி ஒரு வரியை எழுதச் சொன்னவர் அரசரா, அந்த அம்மையாரா, கோயிலாரா? பின்னாளில் அவர்கள் இருவருக்கும் படிமங்கள் எடுத்து வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்ததும் கல்லில் இருக்கிறது. விழுப்புரத்தை அடுத்த பனையவரத்தில் அவர் பெயரால் விளங்கிய ஊரும் கோயிலும் உண்டு. இந்த ஓராண்டில் நான் படித்தவற்றுள் அவரையே நாயகியாகக் கொண்ட நாவல் எதுவும் இல்லை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகும்போது கடை கடையாகக் கேட்டுப் பார்க்கப் போகிறேன். மாமியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.